மோசியின் பாறையும் என் பாட்டனாரும்

(தொண்டூர்ப் பள்ளிக்கூட முற்றத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒரு காலத்தில் இதே முற்றத்து மணலில் என்னோடு விரலால் எழுதிப் படித்து, இன்று என்னைப் போலவே கோல் ஊன்றி வந்து அமர்ந்திருக்கும் பழைய தோழர்களே,

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மராட்டியர் ராணுவக் கோட்டைகள் என்று தொகுக்கப்பெற்ற 12 கோட்டைகளுள் ஒன்றாக நம் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. அந்தச் செய்தி வந்த நாள் முதலாக இந்த வட்டாரத்தில் எங்கே நாலு பேர் கூடினாலும் கோட்டையைப் பற்றிய பிரஸ்தாபமாகவே இருக்கிறது. அந்தப் பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, மிஞ்சிய ஒன்று நம்முடையதாயிற்றே என்ற பெருமிதம் எனக்கும் உண்டு. ஆகவே, கோட்டையின் சரித்திரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவேண்டும் என்று நண்பர்கள் சென்னைக்கு வந்து என்னைக் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. ஆனால், சிவாஜி மகாராஜா 1677-ல் அதனைக் கைப்பற்றியதும், அவருடைய குமாரர் ராஜாராம் அதற்குள் இருந்துகொண்டு மொகலாயப் படையை 1698 வரையில் அலைக்கழித்ததும், 1714-ல் இளம் பிராயத்துத் தேசிங்கு ராஜன் போர்க்களத்தில் மாண்டதும், 1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் ஆங்கிலேயரும் அதன்மேல் கொடியேற்றியதும், 1943-ல் வெளிவந்த சி. எஸ். ஸ்ரீனிவாஸாசாரியாரின் செஞ்சி சரித்திரத்தில் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை நான் திருப்பிச் சொல்வதால் உங்களுக்கும் லாபமில்லை, எனக்கும் கௌரவமில்லை. அந்தச் சரித்திரத்தில் ஒரு வரியிலும் இடம்பெறாத, இடம்பெற வேண்டும் என்று ஆசைப்பட்டும் இராத ஒரு குடியானவரைப் பற்றிப் பேச நினைக்கிறேன். அவர் என் பாட்டனார். உங்களில் மிகவும் வயதானவர்கள் சிலர் அவரைப் பார்த்திருக்கக் கூடும்.

அவர் தாம் விகிர்தி வருஷத்தில் பிறந்ததாகச் சொல்வார். அது 1890 ஆகிறது. சௌமிய வருஷத்தில், அதாவது 1969-ல், கார்த்திகை மாதத்து அடைமழைக்கு நடுவே காலமானார். இந்த எழுபத்தொன்பது ஆண்டுகளில் அவர் ரயில் ஏறியது இரண்டே தடவை. கையெழுத்துப் போட்டது கிரயப் பத்திரங்களில் மாத்திரம். சட்டை அணிந்தது, எனக்குத் தெரிந்து, என் சிற்றப்பாவின் கல்யாணத்தில் ஒரு நாள். அன்றும் முகூர்த்தம் முடிந்தவுடன் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டார்.

அவருடைய ஜீவனம் முழுவதும் ஒரு கிணற்றையும், அதையொட்டி இருந்த மூன்று காணி நஞ்சையையும், மலையடிவாரத்துப் புஞ்சையையும் சுற்றி நடந்தது. ஏரி நிரம்பிக் கோடி போகிற வருஷங்களில் கிணற்றுக்கு அவ்வளவு வேலையில்லை. மழை பொய்த்த வருஷங்களில், விடியற்காலம் நாலு நாழிகை இருக்கும்போதே கவலைமேட்டில் மாடுகளைக் கட்டிவிடுவார். கவலை என்றால் இன்றைய பிள்ளைகள் மனத்துயரம் என்றே எண்ணிக்கொள்வார்கள். மின்சார மோட்டார் வந்த பிறகு பிறந்தவர்கள் அதனைப் பார்த்திருக்க நியாயமில்லை ஆதலால் சற்று விவரித்துச் சொல்கிறேன்.

கிணற்றின் விளிம்பிலே இரண்டு கற்கால்களை நட்டு, அவற்றின் உச்சியில் ஓர் உருளையைப் பொருத்தி, அதன்மேல் கனத்த வடத்தைப் போட்டு, வடத்தின் ஒரு நுனியில் தோலாலான பெரிய சாலையும் மற்றொரு நுனியில் நுகத்தடியையும் பிணைத்திருப்பார்கள். சாலின் அடியிலே யானைத் துதிக்கைபோல ஒரு தோல்வால் தொங்கும். அந்த வாலின் நுனியை மடக்கிப் பிடித்திருப்பதற்கு மெல்லிய வால்கயிறு ஒன்று, விளிம்பிலுள்ள அடி உருளையின்மேல் தனியே ஓடும். மாடுகள் கிணற்றடியிலிருந்து சரிவிலே இறங்கி நடக்க, நிறைந்த சால் மேலே வரும். அப்பொழுது பாட்டனார் வடத்தின்மேல் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். தம் உடம்பின் பாரத்தையும் மாடுகளுக்குத் துணையாகக் கொடுப்பதற்காக. சால் விளிம்பைத் தொட்டதும் வால் தானாகவே தொட்டிக்குள் நீண்டு நீரைக் கக்கிவிடும். அதன் பிறகுதான் சிரமமான காரியம்: மாடுகளைப் பின்னடையாகவே மேட்டில் ஏற்றவேண்டும். முன்னே போவது எந்த மாட்டுக்கும் தெரியும். பின்னே நடப்பதை அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பாட்டனார் கோலை ஓங்கி நான் பார்த்ததில்லை. நாவை அண்ணத்தில் வைத்து ஒரு சப்தம் செய்வார். இரண்டு மாடுகளும் காலை எண்ணி வைப்பதுபோலப் பின்வாங்கி மேட்டுக்கு வந்து நிற்கும்.

இப்படி ஒரு பொழுதுக்கு எத்தனை சால் என்ற கணக்கை அவர் பாட்டிலேயே வைத்திருந்தார். பாட்டு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தைக் கொண்டு எத்தனை பாத்தி பாய்ந்திருக்கும் என்பதை, வயலின் மறுகோடியில் மடை திருப்பிக்கொண்டிருந்த என் ஆயா தெரிந்துகொள்வாள். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், அவரும் ஒன்றும் சொல்லமாட்டார். நாற்பது ஆண்டுகள் சென்னையில் பேரேடு எழுதிக் கணக்கு உத்தியோகம் பார்த்தவன் நான். பாடிக்கொண்டே வைத்து, கேட்டுக்கொண்டே சரிபார்க்கிற அப்படிப்பட்ட கணக்கை எந்த ஆபீசிலும் நான் காணவில்லை.

இந்த இடத்தில், சொல்லாமல் விட்டால் என் மனசாட்சி என்னை விடாது என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தோற்சாலைத் தைத்துக் கொடுத்தவரும், அது கிழிந்தபோதெல்லாம் கிணற்றங்கரையிலேயே உட்கார்ந்து ஒட்டுப் போட்டவரும் சேரியிலிருந்து வந்த ஒரு முதியவர். அவர் கை தைத்த சாலிலிருந்துதான் அந்தக் கிணற்றின் நீர் முழுவதும் மேலே வந்தது. ஆனால் தாகம் எடுத்தால் அவர் கிணற்றில் இறங்கக் கூடாது. வாய்க்காலில் ஓடி வருகிற நீரைத்தான் குனிந்து அள்ளிக் குடிக்கவேண்டும். என் பாட்டனார் நல்லவர். படியாட்களுக்குப் படியளப்பதில் குறைத்தவர் அல்லர். இருந்தும் இந்த வழக்கத்தை அவர் மாற்றவில்லை, மாற்றவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. நான் பட்டணத்தில் படித்துவிட்டு வந்து ஒரு விடுமுறையில் இதைக் கேட்டபோது, நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, "நீ கேக்கறதுக்கு முன்னாடி என்னை யாரும் கேக்கலையேடா" என்றார். அதை மன்னிப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில், அந்த முதியவரின் மகன் வந்தபோது, பாட்டனார் தம் கையாலேயே சாலை நிறுத்திப் பிடித்து "குடி" என்றார். அதற்குள் அந்த முதியவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

புஞ்சையில் அவர் போட்டது மல்லாட்டை. தமிழ்நாட்டின் மற்றப் பாகத்தார் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்லும்போது, நம் தென்னார்க்காட்டார் மாத்திரம் மல்லாட்டை என்பதைக் கேட்டுப் பட்டணத்தில் சிலர் சிரித்திருக்கிறார்கள். மணிலாக்கொட்டை என்ற பெயரே நம் வாயில் தேய்ந்து அப்படி ஆயிற்று. தென் அமெரிக்காவில் பிறந்த அந்தப் பயிர், பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரத்துப் பெயரைச் சுமந்துகொண்டு செஞ்சிச் செம்மண்ணுக்கு வந்து சேர்ந்தது. அது இங்கேயும் நின்றுவிடவில்லை. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேறி, மார்செய் நகரத்துச் செக்காலைகளுக்குப் போய், எண்ணெயாகவும் சவர்க்காரமாகவும் உருமாறிற்று. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, அங்கே பிறந்த விதைகள் தேசம் முழுவதும் பரவியதற்கும் இந்த மண்ணின் பழக்கமே காரணம்.

ஆடிப்பட்டத்தில் விதைத்த பிறகு அவர் அந்தப் பயிரைப் பார்த்த விதமே தனி. பூ உதிர்ந்து விழுது மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிவிட்டால், கொல்லைக்குள் கொத்தோடு யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தால், எப்போதும் மெல்லப் பேசுகிற அவர் தெருக்கோடி வரையில் கேட்கும்படி சத்தம் போடுவார். அறுவடைக்கு நாள் பார்க்கப் பஞ்சாங்கம் அவருக்கு வேண்டாம். ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, காயை இரண்டு விரலால் உடைத்து, பருப்பை என் வாயில் போட்டுவிட்டு, ஓட்டின் உட்புறத்தை மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். உள்ளோடு கறுத்திருந்தால் ஆள் சொல்லிவிடலாம். வெளுத்திருந்தால் இன்னும் ஒரு வாரம். பருப்பைத் தின்ற எனக்குத் தித்திப்புத்தான் தெரிந்தது. அவருக்கு வேண்டியதெல்லாம் நான் துப்ப நினைத்த அந்த ஓட்டில் இருந்தது.

வாலிபத்தில் அவர் மல்லாட்டை மூட்டைகளைப் பாரவண்டியில் ஏற்றிக்கொண்டு, இரவெல்லாம் ஓட்டிப் பகலில் புளியமர நிழலில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, புதுச்சேரி மண்டிக்குப் போய்வந்தவர். ஒரு தடவை திரும்பும்போது, புரியாத எழுத்துகள் பொறித்த ஒரு சோப்புக் கட்டியை ஆயாவுக்கு வாங்கிவந்தாராம். நம் புஞ்சையிலிருந்து போன கொட்டையே கடலைக் கடந்து போய்ச் சோப்பாகித் திரும்பி வந்திருக்கிறது என்று மண்டியில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையோ, வியாபாரியின் சாமர்த்தியமோ, அறியேன். ஆயா அதை ஒருநாளும் தேய்த்துக் குளிக்கவில்லை. கல்யாணப் புடவையோடு பெட்டியில் வைத்துவிட்டாள். 1954-ல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு வெகு காலத்துக்குப் பின்பு, அவள் இறந்த மறுவாரம் நாங்கள் அந்தப் பெட்டியைத் திறந்தபோது, மரம்போல் இறுகிய அந்தக் கட்டியில் வாசனை மட்டும் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டிருந்தது.

குடும்பத்தில் அவர் எப்படியிருந்தார் என்றால், அதிகம் சொல்வதற்கில்லை. ஐந்து பிள்ளைகள், அவர்களில் இருவரை ஒரே கோடையில் வாந்திபேதிக்குக் கொடுத்தார். அந்த இருவரின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. பொங்கலன்று படையலில் இரண்டு சிறிய இலை தனியே போடப்படும். அது எதற்கென்று குழந்தைகள் கேட்கக் கூடாது.

அவருக்கு ஓர் உயிர்த்தோழர் இருந்தார். மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்ந்த நயினார். நம் பகுதியில் சமணர்கள் ஏர் பிடிக்கிற குடியானவர்கள் என்பதும், அவர்களுடைய மடம் மேல்சித்தாமூரிலே இருக்கிறது என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அறிஞர்களுக்குச் சொன்னால்தான் ஆச்சரியப்படுவார்கள். நயினார் வீட்டுக்கு வருகிற தினத்தில் ஆயா உச்சிப்பொழுதிலிருந்தே அவசரப்படுவாள். ஏனென்றால் பொழுது சாய்ந்த பிறகு அவர் ஆகாரம் தொடமாட்டார். அன்றைக்கு நாங்கள் எல்லோருமே வெயிலிருக்கும்போதே இராச்சாப்பாட்டை முடித்துவிட்டு, இருட்டின பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமல், திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் இருவரும் பேசுவதைக் கேட்போம்.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கிய பாறையின் பக்கத்தில், சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட செய்தி பழந்தமிழ்க் கல்வெட்டாக இருப்பதை முதன்முதலில் நான் கேட்டது நயினார் வாயிலாகத்தான். பாட்டனார் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தார். "அம்பத்தேழு நாளா? கவலை ஓட்டறவனால ஆவுமா? மாடு ஒத்துக்குமா?" என்றார். நயினார் சிரிக்கவில்லை; "மாட்டைக் கேட்டுட்டுத்தான் உக்காரணும்" என்று நிதானமாகப் பதில் சொன்னார். இருவருடைய அபிப்பிராயமும் ஒன்றே என்று அப்போது எனக்குத் தோன்றிற்று. இப்போதும் அப்படியே தோன்றுகிறது.

கோட்டையைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் போனால் அழைத்தவர்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். 1958-ல், எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, செஞ்சிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போன பாட்டனார் என்னையும் கோட்டைக்குள் அழைத்துப்போனார். தேசிங்கின் குதிரையைப் பற்றித் தெருக்கூத்தில் கேட்டிருந்த நான், அந்தக் குதிரை எங்கே தாவியது, எங்கே நின்றது என்று கேட்டுத் துளைத்தேன். அவர் அதற்கெல்லாம் பதில் சொல்லாமல் களஞ்சியத்துக்குள் நுழைந்து, அதன் கனத்த சுவரைக் கையால் தட்டிப்பார்த்து, வளைந்த கூரையை அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு நெல்லு வச்சவன் பேரு இருக்கும். தூக்கியாந்தவன் எந்த ஊருக்காரனோ?" என்றார்.

கல்யாண மகாலில்தான் அவர் அதிக நேரம் நின்றார். ஊருக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய் வழியாக நீரைக் கொண்டுவந்து, அந்த மாளிகையின் மேல்நிலைகள் வரையில் ஏற்றியிருந்ததாக அங்கிருந்த காவற்காரர் சொன்னார். மாடில்லாமல், வடமில்லாமல், நீர் தானாகவே மாடி ஏறியது என்ற செய்தி, வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு சாலாக நீரை மேலே இழுத்தவருடைய உள்ளத்தில் என்ன செய்திருக்கும் என்பதை நான் பிற்காலத்தில்தான் ஊகிக்க முடிந்தது. உடைந்து கிடந்த குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். நீர்நிலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காவற்காரரைக் கேட்டார், அவருக்குத் தெரியவில்லை. வெயிலோடு என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே போய், மேட்டையும் பள்ளத்தையும் கண்ணால் அளந்து பார்த்து, கடைசியில், "மேலேருந்து வருது. அதான் மேல ஏறுது" என்று முடிவு சொன்னார். நீர் தன் மட்டத்தைத் தேடும் என்பதை மறுவருஷம் வகுப்பில் உபாத்தியாயர் கற்பித்தபோது, இது எனக்கு முன்பே தெரியும் என்று நான் எழுந்து சொல்லி அடி வாங்கினேன்.

கோட்டையின் ராஜகிரி மலையுச்சிக்கு அன்று நாங்கள் ஏறவில்லை. மாட்டு வியாபாரம் படியவில்லை என்ற வருத்தத்தில் அவர் இருந்தார்.

மலை ஏறவேண்டுமானால் அவருக்கு நம் ஊர்ப் பாறையே போதும். மத்தியான வேளையில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, கூழைக் குடித்துவிட்டு, குகைத்தாழ்வாரத்தில் வழுவழுவென்று செதுக்கிய கற்படுக்கை ஒன்றில் துண்டை விரித்துப் படுப்பார். அந்தப் படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுத்தவை என்று தமிழ்நாடு முழுவதும் சொல்வதுபோல நம்மவர்களும் சொன்னார்கள். வீமன் இவ்வளவு சிறிய படுக்கையில் எப்படிப் படுத்தான் என்று நான் கேட்டதற்கு, "காலை மடக்கிக்கிட்டிருப்பான்" என்பது பாட்டனாருடைய சமாதானம். விண்ணாம்பாறையில் பள்ளிகொண்ட பெருமாளும், பல்லவர் காலம் தொட்டு, நம் ஊரிலேதான் படுத்திருக்கிறார். ஆகையால், படுப்பதற்கென்றே ஏற்பட்ட ஊர் இது என்று நயினார் பரிகாசம் செய்வதுண்டு.

அங்கே படுத்துக்கொண்டே அவர் எனக்குக் கற்பித்தது கொஞ்சமல்ல: சீத்தா மரம் எந்தப் பாறையிடுக்கில் முதலில் பழுக்கும், கௌதாரி எப்படிக் கூப்பிட்டால் மழை தூரத்தில் இருக்கிறது, வெயில் சாய்ந்த பிறகும் சூடு விடாத பாறை எது, பாம்பு சட்டை உரிக்கும் இடுக்கு எது. இவற்றில் பாதி எனக்கு மறந்துவிட்டது. மறக்காதது ஒன்று. படுக்கைக்குப் பக்கத்தில் பாறையில் சில கீறல்கள் இருந்தன. கோடும் கொக்கியுமாக, பிள்ளைகள் கிறுக்கியதுபோல. பாட்டனார் தூக்கம் வரும் வரையில் அவற்றின்மேல் ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டிருப்பார். "இது உளிபட்ட கோடு, ஆடு மேய்க்கறவன் கீறினது இல்ல. கை நிதானமா போயிருக்குது பாரு" என்பார்.

அவர் காலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிறகு, 1990-களின் தொடக்கத்தில், அந்தக் கீறல்கள் தமிழ் பிராமி எழுத்துகள் என்று கல்வெட்டறிஞர்கள் கண்டார்கள். ஐராவதம் மகாதேவன் 2003-ல் வெளியிட்ட பெருநூலில் அது இடம்பெற்று, கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று காலமும் வரையறுக்கப்பட்டது. செய்தி மிகச் சிறியது. ஒருவர் ஏவினார். நாம் இன்று அகலூர் என்று வழங்கும் ஊரின் பெயரும் அதில் வருகிறது. மோசி என்பவன் இந்த இருப்பிடத்தைச் செய்தான். அவ்வளவே. சென்னையில், என் மேஜைக்கு முன் இருந்து அதைப் படித்தபோது, என் பாட்டனாருடைய விரல் எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துக்குப் போகும் என்பது எனக்கு நினைவு வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த நான் அந்தப் பாறையைக் கிறுக்கல் என்று நினைத்திருந்தேன். அவர் அதை ஒரு கொத்தனுடைய கை என்று கண்டிருந்தார்.

அந்தக் கல்வெட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது அதன் தொன்மைகூட அன்று. ஏவியவன் பெயரை எழுதுவது உலக வழக்கம். செஞ்சிக் கோட்டையில் எத்தனையோ ஏவியவர்களின் பெயர் நமக்குத் தெரியும். கல் சுமந்த ஒருவனுடைய பெயரும் தெரியாது. தொண்டூர்ப் பாறையிலோ, இன்றைக்குப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்பு, ஏவியவனோடு செய்தவனும் பெயர் பெற்றுவிட்டான். இதற்கு எந்தச் சபையும் பட்டயம் தரவேண்டியதில்லை என்றாலும், அந்தக் குகைக்கு ஏறுகிற வழியில் முட்புதரை வெட்டி, ஒரு பெயர்ப்பலகையேனும் வைக்கலாம் அல்லவா? இதைப் பஞ்சாயத்தார் காதில் போடவே இவ்வளவு சுற்றி வந்தேன் என்று நீங்கள் எண்ணினாலும் எனக்குச் சம்மதமே.

1962-ல் எங்கள் கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்தது. பொத்தானை அமுக்கி, நீர் பீறிட்டபோது பாட்டனார் சந்தோஷப்பட்டார், அதில் பொய்யில்லை. ஆனால் அன்றிரவு மூன்றாம் சாமத்தில் மாடுகள் தாமே எழுந்து நின்றன. அவரும் எழுந்து, தொழுவத்தில் அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு சால் பரணில் ஏறிற்று, எலி தின்றுவிட்டது. வடம் எங்கே போயிற்றோ. கிணறும் தூர்ந்து, அதன் பக்கத்தில் ஆழ்குழாய் இறங்கியிருக்கிறது.

மிஞ்சியது ஒரு கல். வால்கயிறு அடி உருளையை விட்டு விலகுகிறபோதெல்லாம் கிணற்றின் விளிம்புக் கல்லில் உராய்ந்து, அவர் காலத்திலும் அவர் தகப்பனார் காலத்திலுமாக, ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கிணறு தூர்ந்தபோது என் தம்பி மகன் அந்தக் கல்லைப் பெயர்த்துவந்து மாட்டுத்தொழுவத்துக்கு வாயிற்படியாகப் போட்டிருக்கிறான். பார்க்க விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னோடு வரலாம். தெருவிளக்கு அந்தப் பக்கம் எரியவில்லை. யாராவது ஒரு டார்ச் லைட் எடுத்துக்கொண்டு வந்தால் நலம்.